கறுத்துப்போன கியர் எண்ணெய்

"மாத்திடு" என்றார் பஹாரோம்.

என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஆட்டோமேட்டிக் கியர் எண்ணெயை அப்படித்தான் பார்க்க வேண்டும். வண்டியை நாலு தெரு ஓட்டிச் சூடாக்கி, சமதரையில் நிறுத்தி, பிரேக்கை மிதித்தபடி எல்லாக் கியரையும் ஒரு சுற்றுப் போட்டுவிட்டு, என்ஜினை அணைக்காமலே அளவுகோலை உருவ வேண்டும். எங்கள் கெமாஸ் ஊரில் பாதிப் பேர் அணைத்துவிட்டுப் பார்த்து, எண்ணெய் அதிகமாகிவிட்டதென்று என்னிடம் ஓடிவருவார்கள்.

கோலைத் துடைத்து, திரும்பச் செருகி, உருவினேன். அளவு சரி. நிறம்தான் சரியில்லை. ரோஜா சிரப் போல இருக்க வேண்டியது கடுங்காப்பி மாதிரி இருந்தது. முகர்ந்தேன். தீய்ந்த வாடை.

ரயில் ஓட்டுநராக ஓய்வு பெற்ற வருடம் அவர் வாங்கிய வண்டி. இருபத்திரண்டு வருடம், மூன்று லட்சத்து எண்பதாயிரம் கிலோமீட்டர். கியர் எண்ணெயை ஒரு தடவைகூட மாற்றியதில்லை.

மாற்றக் கூடாது என்றேன். உள்ளே இருக்கும் தகடுகள் தேய்ந்து, அந்தத் தூள்தான் எண்ணெயில் கலந்து கிடக்கிறது. இப்போது தகடுகளுக்குப் பிடிப்புக் கொடுப்பதே அந்த அழுக்குதான். புது எண்ணெய் அதைக் கழுவிவிடும். அப்புறம் என்ஜின் கத்தும், சக்கரம் நகராது.

அவர் அசையவில்லை.

எனக்கு என் கவலை. பதினெட்டு வருடமாக இந்தப் பட்டறையை நடத்துகிறேன். பெண்ணுக்கு என்ன தெரியும் என்று சிரித்தவர்களெல்லாம் இப்போது வண்டியை என்னிடம் விட்டுவிட்டுக் கண்ணை மூடித் தூங்குகிறார்கள். இதுவரை ஒரு கியர் பெட்டியையும் நான் கெடுத்ததில்லை. ஊரே அறிந்த இந்த வண்டி என் கையில் செத்தால், பக்கத்துக் காப்பிக்கடை ஆறு மாதத்துக்கு அதையே மெல்லும். இந்த நல்ல பெயரை நான் சும்மா சம்பாதிக்கவில்லை.

முடியாதென்று கோலைச் செருகிவிட்டுக் கையைத் துடைத்தேன்.

"மாத்தினா எத்தனை நாளு ஓடும், ஆ மோய்?"

எனக்கு வயது நாற்பத்தேழு. இரண்டு பிள்ளைகள் கல்லூரியில். அவருக்கு மட்டும் நான் இன்னும் சீன வீட்டுச் சின்னப்பெண்.

பயந்துதான் கேட்கிறார் என்று நினைத்தேன். ஒரு வாரம் ஓடினால் அதிசயம் என்று கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

"ஒரு வாரமா? அதுக்கு முன்னாடியே நிக்கிற மாதிரி ஏதும் பண்ண முடியாதா?"

நான் என்ஜினை அணைத்தேன்.

காப்பிக்கடையில் அவருடைய கூட்டாளிகள் நாலு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் காதில் விழாதபடி சொன்னார். போன வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகிற வழியில், பள்ளிக்கூடத்து முன்னால் சிவப்பு விளக்கைத் தாண்டிப் போயிருக்கிறார். விளக்கும் கண்ணுக்குத் தெரியவில்லை. கடந்துகொண்டிருந்த சிறுமியும் தெரியவில்லை. அவள் பின்பக்கமாகத் துள்ளி விலகியபோது, வெள்ளை முக்காடு பக்கக் கண்ணாடியை உரசியதைத்தான் பார்த்திருக்கிறார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. யாருக்கும் தெரியாது. அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை.

சாவியை மகன்களிடம் கொடுத்துவிட வேண்டியதுதானே என்றேன்.

"பெருநாளன்னைக்குப் பிள்ளைங்க, இவனுங்க, எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன் மோய். இந்த வண்டி ஓடுற வரைக்கும் நான்தான் ஓட்டுவேன், எவனும் சாவி கேக்கக் கூடாதுன்னு. இப்ப எந்த வாயால மாத்திப் பேசுறது? வண்டி நின்னாத்தான் நான் நிக்க முடியும்."

எனக்குக் கோபம் வந்தது. உங்கள் வீறாப்பு தீரும்வரை அந்த ஒரு வாரத்தில் எத்தனை பிள்ளைகள் தெருவைக் கடக்கும் என்று கேட்க வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் விட்டுவிட்டேன். அவரும் அதையேதான் தன்னைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

வண்டியைத் தூக்கினேன். அடித்திருகைக் கழற்றி எண்ணெயை எல்லாம் வடியவிட்டேன். புது டப்பா எதையும் திறக்கவில்லை. திருகை முடுக்கி, வண்டியை இறக்கி, கியரைப் போட்டு மிதித்தேன். என்ஜின் ஊரைக் கூட்டியது. சக்கரம் ஓர் அங்குலம் நகரவில்லை.

காப்பிக்கடையில் எல்லாத் தலையும் திரும்பியது. நான் எண்ணெய்க் கையோடு வாசலுக்குப் போனேன்.

"பஹாரோம் பாக்சிக் வண்டி போச்சு. கியர் பெட்டி செத்திருச்சு. அவரு நல்லாத்தான் கொண்டாந்தாரு. நான்தான் தப்பான எண்ணெய ஊத்திக் கெடுத்துட்டேன்."

பஹாரோம் ஒரு நொடி என்னைப் பார்த்தார்.

பிறகு திட்ட ஆரம்பித்தார். என்னைப் பெற்ற அப்பாகூட என்னை அப்படித் திட்டியதில்லை. இருபத்திரண்டு வருடம் பிள்ளை மாதிரி வைத்திருந்த வண்டியாம், ஒரே காலையில் கொன்றுவிட்டேனாம். பேசப் பேசக் குரலில் பழைய ரயில்காரர் திரும்பி வந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். கூட்டாளிகள் ஓடிவந்து தோளைப் பிடித்து அவரை அழைத்துப் போனார்கள். நடுவில் உட்காரவைத்து, டீ சொல்லி, இனிமேல் எங்கே போவதென்றாலும் நாங்கள் வந்து ஏற்றிக்கொள்கிறோம் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். பொம்பளையிடம் வண்டியை விட்டால் இப்படித்தான் என்று ஒருவர் எனக்குக் கேட்கும்படியே சொன்னார்.

சாயங்காலத்துக்குள் இரண்டு பேர் வேலை முடியும் முன்பே தங்கள் வண்டிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

போகட்டும். திரும்பி வருவார்கள். இந்த ஊரில் கியர் பெட்டி தெரிந்தவள் நான் ஒருத்திதான்.