ஓரத்து யானை

"தாயே, அவன் கண்ணு ஒரு பத்து நிமிசத்துக்குத் தெரியாமப் போகணும். பொறவு நல்லா இருந்துட்டுப் போகட்டும்!"

ஆண்டாள் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்து ஒற்றைக் கையால் கும்பிட்டாள் மகாலட்சுமி. மறு கையில் கணவனின் கைபேசி. ராஜபாளையத்துப் போட்டி அரங்கத்துக்குள் அதைக் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று காலையிலேயே அவளிடம் கொடுத்துவிட்டுப் போயிருந்தான் கௌதம்ராஜ்.

கண் தெரியாமல் போகவேண்டியவன் பெயர் எட்வின். கௌதமுக்கு எதிரே வெள்ளைக் காய்களோடு ஆடுகிறவன். மகாலட்சுமி அவனைப் பார்த்ததில்லை. ஆட்டத்தைக் காட்டும் கைபேசித் திரையில் சதுரங்கப் பலகையும் இரண்டு பெயர்களும்தான் வரும், முகம் வராது.

பெரிய ஆட்டக்காரர்களை மட்டும் அழைத்து நடத்தும் போட்டி. இன்று கடைசிச் சுற்று. கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்குக் கௌதமுக்கு இன்னும் அரைப் புள்ளி வேண்டும். ஆட்டம் டிரா ஆனால் போதும். தோற்றால் சதுரங்கத்தை மூட்டை கட்டிவிட்டு, நாளை முதல் மாமாவின் பேண்டேஜ் மில்லுக்குப் போகிறேன் என்று வாக்குக் கொடுத்திருந்தான்.

இப்படி ஒரு நாளில் நிதானமாக ஆடக்கூடாதா? சிசிலியன் என்ற முரட்டுத் தொடக்கத்தை எடுத்தான். அதிலும் 'விஷச் சிப்பாய்' என்று பேர்வாங்கிய வழி. எதிராளி ஒரு சிப்பாயை இந்தா தின்னு என்று நீட்டுவான். கறுப்பு ராணி அதைத் தின்னப் போன நேரத்தில், வெள்ளைப் படை மொத்தமும் கறுப்பு ராஜாவின் வாசலுக்கு வந்துவிடும். பிழைத்தால் ஜெயிக்கலாம். பிழைப்பதுதான் பாடு.

"வெசம்னு பேரே வச்சிருக்கான். அதப் போயித் திம்பாகளா?" என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

எட்வின் இரண்டு குதிரைகளைப் பலிகொடுத்து ராஜாவை வெட்டவெளிக்கு இழுத்து வந்திருந்தான். பலகைக்குப் பக்கத்தில் ஒரு பட்டை உண்டு. யார் கை ஓங்குகிறதோ அந்த நிறம் ஏறும். இப்போது உச்சிவரை வெள்ளை. கம்ப்யூட்டர் ஒரு பச்சை அம்பும் போட்டுக் காட்டியது. எட்வினின் ஓரத்து யானை பக்கவாட்டில் ஒரு கட்டம் நகரவேண்டும், அவ்வளவுதான். அதில் செக் இல்லை, வெட்டு இல்லை. ஆனால் ராஜா தப்பி ஓடக்கூடிய ஒரே சந்து அடைபட்டுவிடும்.

அந்த அம்பு ஆடுகிறவனுக்குத் தெரியாது. வெளியிலிருந்து யாரும் துப்புச் சொல்லிவிடக் கூடாதென்று நகர்வுகளையே அரை மணி தாமதித்துத்தான் வெளியே விடுகிறார்கள். எட்வினாகக் கண்டுபிடித்தால்தான் உண்டு. அவனோ நெடுநேரமாக யோசித்துக்கொண்டிருந்தான்.

"கௌதம் அண்ணன் வீடு இதுதானா?"

வாசலில் ஓர் இளைஞன். இழவு வீட்டுக்குப் போய்வந்தவன் மாதிரி முகம்.

"ஆமா தம்பி. அவிய ஆட்டத்துல இருக்காக. வர நேரமாகும்."

ஜெயித்தாலும் தோற்றாலும், எதிராளியோடு உட்கார்ந்து அதே ஆட்டத்தைத் திரும்பப் போட்டு அலசாமல் கௌதமுக்குத் தூக்கம் வராது. அதனால் அவன் தின்பது என்றைக்கும் ஆறின சோறுதான்.

"அண்ணந்தான் வீட்ல இருக்கச் சொன்னாவ. அக்கா, அந்த ஆட்டம் வந்து..."

"செத்த பேசாதீய தம்பி! எனக்கு ஈரக்குலையே நடுங்குது. சொம்புல தண்ணி இருக்கு, எடுத்துக் குடிங்க."

குடித்துக்கொண்டே எட்டிப் பார்த்தவன், பாதி மடக்கில் சொம்பை இறக்கினான். பச்சை அம்பையே பார்த்தான்.

"யானையா..."

"ஆமா, அந்த மூதேவி யானைதான். அது நகந்துச்சுன்னா எங்க பொழப்பு மில்லோட போச்சு. அந்த எட்வின் பய பாத்துருவான். கொள்ளிக்கண்ணன், விடவே மாட்டான்!"

"பாக்க மாட்டான்க்கா."

"எப்படிச் சொல்லுதீய?"

"செக் வச்சே வெரட்டிட்டு வாரவனுக்கு, ஓரத்துல சும்மா நிக்கிற காய் கண்ணுலயே படாது. ராணியத்தான் எடுப்பான். செக் வைப்பான், ராஜா ஒதுங்கும். திரும்பவும் செக், ராஜா பழைய எடத்துக்கே வரும்." அவன் திரையிலிருந்து கண்ணை எடுத்தான். "அம்புட்டுதான்."

மகாலட்சுமி கைபேசியை முகத்துக்கு நேரே தூக்கினாள். திரையில் ஒரு காய் அசைந்தது.

யானை இல்லை. ராணி!

செக். ராஜா ஒதுங்கினான். மறுபடி செக். ராஜா பழைய இடத்துக்கே வந்தான். பட்டை சரிபாதியில் வந்து நின்றது. ஒரே நிலை மூன்று முறை வந்தால் ஆட்டம் டிரா. மூன்றாவது முறையும் வந்தது. இரண்டு பெயர்களுக்கும் நேரே அரை, அரை என்று விழுந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள் மகாலட்சுமி. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒங்க வாய்க்குச் சீனிதான் போடணும் தம்பி! சோறு தின்னாம அனுப்ப மாட்டேன். அந்தக் கொள்ளிக்கண்ணனும் எங்க இருந்தாலும் நல்லா இருக்கட்டும்!"

தெருவில் பழகிய பைக் சத்தம் வந்து நின்றது. கையில் பால்கோவா பொட்டலத்தோடு கௌதம் இறங்கிக்கொண்டிருந்தான்.

மகாலட்சுமி வாசலைப் பார்த்தாள். கைபேசியைப் பார்த்தாள். கடைசியாக, வந்தவனைப் பார்த்தாள்.

"தம்பி... ஒங்க பேரு?"

"எட்வின்க்கா."