வளராத செல்கள்

“மூளையில சில செல்லுங்க வளராமலே நின்னுடுதும்மா. வலிப்புக்கு அதுவும் காரணமா இருக்கலாம். கொஞ்சம் எடுத்துப் பார்க்கணும்,” என்றார் டாக்டர்.

“பிள்ளை தலையில கத்தி வைக்கக் கூடாதுலா!” கணவன் செல்லையா வெடித்தான். “அப்படியே எஸ்டேட்டுக்குக் கொண்டு போறோம்.”

அம்மாக்கண்ணு மடியிலிருந்த சீதாவைப் பார்த்தாள். காலையில் வலிப்பு வந்தபோது கையில் திணித்த இரும்புச் சாவியைக் குழந்தை இன்னும் விடவில்லை.

“எடுத்துப் பார்த்தா, வலிப்பை நிறுத்த வழி தெரியுமா டாக்டர்?”

“உடனே இல்லம்மா. ஒருநாள் தெரியலாம்.”

“அப்ப எடுத்துக்குங்க.”

“அடியே, நீ பெத்தவதானா?”

“வலிப்பு வந்து ஆத்துல விழுந்தவனுக்கு இனிமே அது வராதுங்க. இவளுக்கு வருமே!”

மேசையில் கிடந்த உடலின் மேலிருந்த வெள்ளைத் துணியை விலக்கி, மகனின் தலையைக் கடைசியாக ஒருமுறை தடவினாள்.