பத்துக்குப் பத்து

விசாரணை அதிகாரி அந்தத் தாளை என் பக்கம் திருப்பி வைத்தார்.

போலீஸ்காரர்கள் சுட்டுப் பழகுவதற்கான தாள். கறுப்பாக ஒரு மனித உருவம், நெஞ்சில் ஒரு வட்டம், வட்டத்துக்குள் பத்து ஓட்டை.

"பாருங்கம்மா, பத்துக்குப் பத்து. ஸ்டேஷன்லயே இவர்தான் முதல். இவர் மேல எப்படிக் குத்தம் சொல்ல முடியும்?"

இவர் என்றது மூலையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்த இளம் காவலரை. போன மாதம் என் கணவரைச் சுட்டுக் கொன்றவன். கல்யாணம் நிச்சயமானதிலிருந்து ஸ்டேஷனில் எல்லோருக்கும் அவன் மாப்பிள்ளை. என்னை எங்கே பார்த்தாலும் அக்கா என்று நின்று பேசுவான். இன்று தலையே நிமிரவில்லை.

என் கணவர் அதே ஸ்டேஷனில் ரைட்டர். கடிதம், பதிவேடு, அறிக்கை எல்லாம் அவர் கையெழுத்துதான். ரோந்து முடிந்து வருகிறவர்களிடம் துப்பாக்கியை எழுதி வாங்கிப் பூட்டி வைப்பதும் அவர் வேலை. அன்று காலை ஏழு மணிக்கு மாப்பிள்ளை அவர் மேசைக்கு முன்னால் நின்று துப்பாக்கியைக் காலி செய்தான்.

அதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் அடியிலிருந்து, தோட்டாக்கள் அடுக்கிய மேகசினைக் கழற்ற வேண்டும். பிறகு மேல்பக்கத்தைப் பின்னுக்கு இழுத்தால், உள்ளே மிச்சமிருக்கும் ஒரே தோட்டாவும் வெளியே விழுந்துவிடும். இவன் முதலில் இழுத்தான், பிறகு கழற்றினான். ஒரு தோட்டா கீழே விழுந்தது. அந்த இடத்தில் அடுத்த தோட்டா ஏறிக்கொண்டது. துப்பாக்கி காலி என்று நினைத்து விசையை அழுத்திப் பார்த்திருக்கிறான்.

சுவரோரம் மணல் பெட்டி இருக்கிறது. அதற்குள் காட்டித்தான் அழுத்த வேண்டும் என்று ஒருவரும் அவனுக்குச் செய்து காட்டவில்லை.

மொத்தமே இரண்டு வேலை. கேஸ் அடுப்பை அணைக்கக்கூட நமக்கு யாராவது ஒருமுறை சொல்லிக் கொடுத்திருப்பார்கள்.

அதிகாரி முடிவை வாசித்துக் காட்டினார். சுட்டவர் முழுப் பயிற்சி பெற்றவர். இறந்தவர், துப்பாக்கி காலி செய்யப்படும்போது இருக்கக் கூடாத இடத்தில் கவனக்குறைவாக இருந்திருக்கிறார். ஆகவே இது அவருடைய அலட்சியத்தால் நேர்ந்த விபத்து. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டும்.

என் கணவர் தன் நாற்காலியில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தார். அவர் நாற்காலியே அவர் இருக்கக் கூடாத இடமா? செத்தவர் எழுந்து வந்து மறுக்கப் போவதில்லை என்கிற தைரியம். பழியை அவர் தலையில் கட்டிவிட்டுக் கை கழுவிக்கொள்வார்கள். உன் அப்பா தன் அலட்சியத்தால் செத்தார் என்று நாளைக்கு என் மகள் இந்தக் காகிதத்தில் படிப்பாள்.

"இந்தத் துப்பாக்கியில இவன் இதுவரைக்கும் எத்தனை குண்டு சார் சுட்டிருக்கான்?"

அதிகாரி தாளை விரலால் தட்டினார். நான் மாப்பிள்ளையைப் பார்த்து, நீயே சொல்லு என்றேன்.

"ஒண்ணுகூட இல்லக்கா. சேர்ந்தப்ப ரைஃபிள்ல அஞ்சு குண்டு. இதைக் கையில கொடுத்ததே டூட்டியிலதான்." அவன் அழ ஆரம்பித்தான்.

அவன் இப்போது பேசுகிற நிலையில் இல்லை, தாள்தான் சாட்சி என்றார் அதிகாரி.

யார் காதில் பூ சுற்றுகிறார் இவர்? ஒரு வருடம் சுட்டுப் பழகும் மைதானத்துக்குப் போக வண்டி வராது. வண்டி வந்த வருடம் தோட்டா வராது. எல்லோரும் சுட்டுப் பழகியதாக அறிக்கை மட்டும் ஒரு வருடம்கூடத் தவறியதில்லை. இது மேலிருந்து கீழ்வரை எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் ஆளுக்கொரு துப்பாக்கியை இடுப்பில் மாட்டித் தெருவுக்கு அனுப்புகிறார்கள்.

தாளைத் திருப்பிப் போட்டேன்.

"பாருங்க சார். குண்டு போயிருந்தா பின்பக்கம் பிஞ்சிருக்கும். இதுல ஓட்டையைச் சுத்தி நீல மை. பால்பாயிண்ட் பேனாவால குத்தினது."

அவர் தாளைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தார். முகத்தில் துளி ஆச்சரியம் இல்லை.

"மை எப்படி வேணா படும்மா. குத்தினதைப் பார்த்தவங்க யாராவது இருக்காங்களா?"

"நான்தான் சார் குத்தினேன்."

பக்கத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்தவரின் கை நின்றது. மாப்பிள்ளை முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தான்.

அதிகாரி குரலைத் தாழ்த்தினார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா. இதை எழுதினா உங்க வீட்டுக்காரர் பேரும் சேர்ந்து வரும்."

"வரட்டும். எழுதுங்க."

சொன்னேன். வருடக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து மேசையைத் துடைத்த பிறகு, ஸ்டேஷனில் ஆளுக்கு ஒன்றாக முப்பத்தாறு தாள். என் கணவர் ஒவ்வொன்றிலும் பெயரும் மதிப்பெண்ணும் எழுதித் தள்ளுவார், நான் குத்துவேன். எல்லாம் ஒரே மாதிரி இருந்தால் சந்தேகம் வரும் என்று ஒருவருக்கு ஆறு, இன்னொருவருக்கு ஏழு. மாப்பிள்ளையின் தாள் வந்தபோது அவர் சிரித்தார்.

"கல்யாணம் ஆகப்போறவன். இவனுக்கு மட்டும் தாராளமாப் போடு."

பத்தும் வட்டத்தைவிட்டு வெளியே போகாதபடி, பார்த்துப் பார்த்துக் குத்தினேன்.