கோர்ட் சீன்

பக்கத்து ஷெட்டில் பிரஸ் மெஷின் இறங்கும்போதெல்லாம் கேன்டீன் மேசை அதிர்கிறது. தகரக் கூரையின் ஓட்டை வழியே விழும் வெயில் சோனியாவின் தட்டில், சாம்பார் சோற்றின் மேல் காசளவுக்குக் கிடக்கிறது. எதிரே சுமலதா, ஞாயிற்றுக்கிழமை பார்த்த படத்தைச் சொல்லிக்கொண்டிருக்கிறாள். "அந்த ஆளு பாய்லர் வெடிச்சு சாவறப்போ நான் தேம்பித் தேம்பி அழுதுக்கினு இருந்தேன்." வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்கூட ஆகாத மேரி, ஊறுகாய்ப் பாக்கெட்டைப் பல்லால் கிழித்தபடி உதட்டைப் பிதுக்குகிறாள். "செகண்ட் ஆஃப் இழுவைக்கா. அவன் பொண்டாட்டி இன்னாத்துக்கு அப்டிக் கத்துது? ஒரே ஓவர் ஆக்டிங்கு." சுமலதா மேசைக்கடியில் அவள் காலை மிதிக்கிறாள். சோனியாவின் புருஷன் ஸ்டீபன் இதே கம்பெனியின் உலையருகில் வெந்து செத்து நாலு வருஷம் ஆகிறது. நஷ்டஈட்டு வழக்கு வாய்தா வாய்தாவாகத் தள்ளிப்போகிறது. மேரிக்கு அது தெரியாது. சோனியா வாயிலிருந்த கவளத்தை மெதுவாக மென்று விழுங்குகிறாள். அன்று அவள் கத்தவே இல்லை. ஆஸ்பத்திரி வாசலில் யாரோ நீட்டிய காகிதங்களில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"நானும் பாத்தேன்" என்கிறாள். "போன வாரம் கோர்ட்டுக்குப் போறப்போ, ட்ரெயின்ல, போன்ல."

"எப்டிக்கா இருந்துச்சு?" என்று மேரி கேட்கிறாள்.

"கோர்ட் சீன் நல்லா இருந்துச்சு. ஜட்ஜு வந்துருந்தாரு. கம்பெனி வக்கீலும் வந்துருந்தாரு. அன்னிக்கே தீர்ப்பு சொல்லிட்டாங்க."

சங்கு ஊதுகிறது. சோனியா மிச்சச் சோற்றை வழித்துத் தின்றுவிட்டு, தட்டைக் கழுவ எழுந்து போகிறாள்.