கரண்ட் போன நேரம்

அந்தப் பள்ளியில் தேர்ச்சி குறைந்துகொண்டே வந்தது. வாத்தியார்கள் வெட்டிப் பேச்சு பேசுவதுதான் காரணம் என்று முடிவுகட்டி, ஹெட்மாஸ்டர் ஆசிரியர்கள் அறையில் கேமரா மாட்டினார். அன்றிலிருந்து எல்லோரும் ஆளுக்கொரு மூலையில் தலை குனிந்து நோட்டுத் திருத்தினார்கள்.

"பார்த்தியா ஒழுக்கத்தை! எல்லாம் நான் வந்த பிறகுதான்" என்றது கேமரா.

"ஒழுக்கமாடா இது? எழவு வீட்டுலகூட நாலு பேர் பேசுவாங்க" என்று சீறியது மின்விசிறி.

அப்போது கரண்ட் போனது. கேமராவின் கண் அணைந்தது. விசிறி ஓடாமல் நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

கணக்கு வாத்தியார் ஞானதுரை தன் நாற்காலியை இழுத்துக்கொண்டு தமிழ் டீச்சரிடம் போனார்.

"டீச்சர், செண்பகவல்லி என் வகுப்புல வாயே திறக்க மாட்டேங்கிறா. உங்ககிட்ட எப்படி?"

"என்கிட்ட நல்லாப் பாடுவா சார். வாய்ப்பாட்டை ராகம் போட்டுச் சொல்லச் சொல்லுங்க. நானும் வந்து கூட நிக்கிறேன்."

கரண்ட் வந்தது. நாற்காலி அவசரமாக மூலைக்குத் திரும்பியது.

"நான் இல்லாத நேரத்துல என்ன வெட்டிப் பேச்சு?" என்றது கேமரா.

விசிறி கடகடவென்று ஆடியது. "ஒரு பிள்ளைக்குக் கணக்கு வர வழி பேசினாங்கடா, பாவி! நீ கண்ணைத் திறந்ததும் நிறுத்திட்டாங்க. தினம் கரண்ட் போகட்டும். உன்னோட சேர்ந்து நானும் நின்னு தொலைக்கிறேன்!"