தாமரை நூல்

ஆனையூர் வீட்டில் காலை வெயில், மாலை போட்ட அனந்தலக்ஷ்மியின் படத்தில் விழுகிறது. அதன் முன்னால் உட்கார்ந்து சிவசங்கரன் தாமரை மொட்டின் இதழ்களை, படத்திலிருக்கும் மனைவி செய்துவந்தது போலவே, ஒவ்வொன்றாக உள்பக்கம் மடிக்கிறார். நீண்டிருக்கும் தண்டை ஒடிக்கிறார். இரண்டு துண்டுக்கும் நடுவே மெல்லிய நூல்கள் இழுபடுகின்றன. "அப்படியே பிடிங்கப்பா," என்கிறாள் செல்போன் திரையில், ஷாங்காயில் இருக்கும் மகள் மாதங்கி. "பிரிஞ்ச பிறகும் விடாத பாசத்துக்கு இங்க சீனாக்காரங்க இந்த நூலைத்தான் சொல்லுவாங்க. சரிப்பா, ஆபீஸுக்கு நேரமாச்சு, வைக்கிறேன்." திரை அணைகிறது. ஃபேன் காற்றில் நூல்கள் நடுங்குகின்றன, ஒன்று அறுகிறது. அவருக்கு இரண்டு கையும் ஒழியவில்லை. அடுப்படிப் பக்கம் திரும்பி, "அனந்தம், அந்த ஃபேனைக் கொஞ்சம் அமத்து," என்கிறார். ஃபேன் சுற்றிக்கொண்டே இருக்கிறது.