எம்ரிஸ் வீட்டுக் காற்று

"விறகைக் காயவைக்க விறகை எரிக்கிறான். அதுக்கு அரசாங்கம் காசு வேற குடுக்குது. திருட்டுக்கு இப்ப பாய்லர்னு பேரு வெச்சிருக்காங்க."

எம்ரிஸ் இதைப் பப்பில் சொல்வது புதிதல்ல. அன்று கூடுதலாக ஒன்று சொன்னார். வியாழக்கிழமை சந்தையில் ஆடு விற்றுவிட்டுத் திரும்பும்போதெல்லாம் எதிர்ப்பக்கத்து ரோட்ரியின் புகைபோக்கி புகைகிறதாம். லாரி வந்த தடமும் இல்லை, போன தடமும் இல்லையாம். காலிச் சூளையைச் சூடாக்கி மீட்டரை ஓட்டுகிறானாம்.

ரோட்ரியிடம் இருப்பது லாரிப் பெட்டி அளவில், விறகு காயவைக்கும் ஒரு சூளை. பக்கத்தில் மரச்சிராய் தின்னும் பாய்லர். அதன் சூட்டை மின்விசிறி விறகுக்குள் ஊதும். எவ்வளவு சூடு செலவாகிறதோ அவ்வளவுக்கு மானியம். அந்த மானியத்தை நம்பித்தான் வங்கி கடன் கொடுத்தது. அது நின்றால் பாய்லர் போய்விடும், பின்னாலேயே ரோட்ரியும் ஊரைவிட்டுப் போகவேண்டியதுதான்.

எம்ரிஸ் புகார் கொடுத்துவிட்டார். மிஸ் ஃபார்லி என்ற அதிகாரி சோதனைக்கு வந்தாள். எம்ரிஸ் கூடவே போனார். ஊர்ச் சபை எழுத்தர் என்பதால் என்னையும் சாட்சிக்கு இழுத்துக்கொண்டார். எனக்கும் ரோட்ரிமேல் கொஞ்சம் சந்தேகம் இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

சூளைக் கதவைத் திறந்தால் உள்ளே ஒரே ஒரு விறகுப் பெட்டி. மூலையில். மற்றபடி வெறும் சூடு.

எம்ரிஸ் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு கட்டையை எடுத்துப் புரட்டினார். ஆஷ் மரம். ஒரு முனை தடி, மறு முனை குச்சி.

"எவன் பிளந்தது இது? கோடாலி பிடிக்கத் தெரியாத பய."

ரோட்ரி அதை வாங்கித் திரும்பப் பெட்டியில் வைத்தான்.

விறகு விற்பனைக்கா என்று மிஸ் ஃபார்லி கேட்டாள். குளிர்காலச் சரக்கு தீர்ந்துவிட்டது, இது விற்பனைக்கில்லை என்றான் ரோட்ரி. அப்படியென்றால் யாருடையது என்றாள்.

"ஒருத்தரோடது."

"பேரு?"

"சொல்ல முடியாதுங்க."

"சொல்லலைன்னா சூட்டை வீணடிச்சதா எழுத வேண்டியிருக்கும். அப்புறம் என்ன ஆகும்னு தெரியுமில்ல?"

"தெரியும்."

எம்ரிஸ் என் விலாவில் முழங்கையால் இடித்தார்.

அதோடு விட்டிருக்கலாம். சூளையே தண்டம் என்று ஆரம்பித்தார். தன் வீட்டு விறகு காற்றில் காய்வதாகவும், சூளை விறகு அதன் கிட்டக்கூட நிற்காது என்றும் சொன்னார். மிஸ் ஃபார்லி பொறுமையாகப் பதில் சொன்னாள். இந்த மழைப் பள்ளத்தாக்கில் வெறும் காற்றில் ஈரம் நூற்றுக்கு இருபது வரை இறங்கினாலே பெரிது. பத்துப் பன்னிரண்டுக்கு வரவேண்டுமென்றால் சூளைதான் வேண்டும்.

"வாங்கம்மா என் வீட்டுக்கு" என்றார் எம்ரிஸ்.

எதிர்ப்பக்கம்தான் வீடு. கொட்டகையில் பாதி மழைக்குள் நின்றது விறகு அடுக்கு. பிளப்பது எம்ரிஸ். அதை அடுப்புக்கு எடுத்து வருவது அவர் மனைவி நெஸ்டா. நாற்பது வருடமாக அந்த வீட்டில் அப்படித்தான்.

நெஸ்டா தேநீர் வைத்தாள். அடுப்பில் தீ சத்தமில்லாமல், புகையில்லாமல் எரிந்தது. எம்ரிஸ் கூடையிலிருந்து ஒரு கட்டையை எடுத்து நடுவில் பிளந்து நீட்டினார். மிஸ் ஃபார்லி ஈரமானியின் ஊசிகளை உள்ளே குத்தினாள்.

பதினொன்று.

வேறொரு இடத்தில் குத்தினாள். அங்கேயும் பதினொன்று.

"காத்து" என்றார் எம்ரிஸ். "வெறும் காத்து."

அவள் கட்டையைப் புரட்டிப் பார்த்தாள். ஒரு முனை தடி, மறு முனை குச்சி.

"இதை யாரு பிளந்தது?"

"நான்தான். இந்த வீட்டுல வேற யாரு இருக்கா?"

மிஸ் ஃபார்லி நெஸ்டாவைப் பார்த்தாள். நெஸ்டா கேக்கில் பெரிதாக ஒரு துண்டு வெட்டி அவள் தட்டில் வைத்தாள்.

வாசல்வரை வந்து வழியனுப்பியது நெஸ்டாதான். எம்ரிஸ் உள்ளே தீயை ரசித்துக்கொண்டிருந்தார்.

"ஈர விறகுப் புகை என் நெஞ்சுக்கு ஆகலம்மா. போன வருஷம் முழுக்க இருமல்" என்றாள் தாழ்ந்த குரலில். "அவருகிட்ட சொன்னா, காத்துல காஞ்சதுன்னு சண்டைக்கு வருவாரு. பாவம், அவருக்குன்னு இருக்கிற பெருமை இது ஒண்ணுதான். ரோட்ரிகிட்ட சொன்னேன். அவன் பாத்துக்கிறேன்னான்."

மிஸ் ஃபார்லி குறிப்பில் இரண்டு வரி எழுதினாள். ஈர விறகு உள்ளே போகிறது, காய்ந்து வெளியே வருகிறது, ஒரு வீட்டில் எரிகிறது. குறை ஏதும் இல்லை.

எதற்குச் சாட்சியாகப் போனேன் என்று நான் இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

அந்த வாரமே பப்பில் எம்ரிஸ் எல்லோரையும் கூப்பிட்டு, அதிகாரியே அளந்து ஒத்துக்கொண்டதைச் சொன்னார். பிறகு ரோட்ரியின் தோளில் கை போட்டார்.

"உன் சூளைக்கு இனி மதிப்பில்ல தம்பி. ஆனா பிழைச்சுப் போகட்டும்னுதான் நான் அதுக்கு மேல எதையும் கிளறல."

"ரொம்ப நன்றிண்ணே" என்றான் ரோட்ரி. "இந்த வியாழக்கிழமையும் சந்தைக்குப் போவீங்கதானே?"